கடுகுக் கண் குருவி

என் மகளுக்கு வந்த முதல் வாழ்த்து அட்டையில், அந்தக் குருவியின் கண்ணுக்குக் கடுகு ஒட்டியது யார்? நான்கு வருடமாக இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் என் கணவர். தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சைகோனில் டோங் டு தெருவில், மசூதிக்குப் பின்பக்கம் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு வீடுகள். ஒன்றில் நாங்கள், அடுத்ததில் அக்கா. நடுவில் வெறும் பலகைச் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். நாங்கள் காரைக்கால் கிறிஸ்தவர்கள். என் கணவர் துவானில், அதாவது சுங்கத்தில், குமாஸ்தா. அக்காவின் தகப்பனாரும் காரைக்கால்தான். தாயார் இந்த ஊர் அன்னாமியப் பெண். அக்கா அன்னாமியர் போல நீண்ட மேலங்கியும் கால்சட்டையும் உடுத்துவார். வாயைத் திறந்தால் அசல் காரைக்கால். ரசத்தில் மட்டும் இரண்டு சொட்டு மீன்சாறு விட்டுக்கொள்வார். "ஒரு சொட்டு அப்பாவுக்கு, ஒரு சொட்டு அம்மாவுக்கு" என்பார். மீன்சாற்றுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "அவரு இதை மோந்தாலே வெளியில ஓடிடுவாரு, அதான்" என்று சிரிப்பார்.

அக்காவின் தொழில் அட்டை செய்வது. கார்த்து என்று சொல்வோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஜனவரி முதல் தேதிக்கு, அன்னாமியருக்குத் தெத் என்கிற அவர்கள் வருடப் பிறப்புக்கு, நம்மவர்களுக்கு ஞானஸ்நானம், கல்யாணம், புதுநன்மை எல்லாவற்றுக்கும். கூடவே சின்னச் சின்ன அன்பளிப்புகள்: சீனி வாதுமை போட்டுத் தரும் காகிதக் கூம்பு, ஊசி குத்திவைக்கத் துணியும் அட்டையும் சேர்த்த குட்டிப் புத்தகம், தீப்பெட்டிக்குப் பூத்தாள் ஒட்டி உள்ளே நாலு ஏலக்காய். பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும், எடுத்தால் வைக்க மனசு வராது.

வேலை செய்யும்போது பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. அக்காவிடம் இருபதுக்கு மேல் வெட்டச்சுகள் இருந்தன. மாவில் பிஸ்கோத்து வெட்டுகிற அச்சுபோலத்தான், ஆனால் கனத்த இரும்பு. புளியங்கட்டையின் மேல் தாளை வைத்து, அதன் மேல் அச்சை நிறுத்தி, மரச் சுத்தியலால் ஒரே அடி. பூவோ மீனோ தனியாக வந்து விழும். அச்சுகளைப் பக்கத்துச் சீனர் பட்டணமான சோலோனில் ஒரு கடையில் வாங்குவார். இறந்தவர்களுக்கு எரிக்கிற காகிதச் சட்டை, காகிதப் பூ எல்லாம் செய்கிற கடை அது. அக்கா திராம் வண்டியில் அங்கே போகும்போது கையில் ஒரு கட்டு வெற்றிலை எடுத்துப் போவார். எந்த அச்சைக் காட்டினாலும் முதலில் வெற்றிலையை வெட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடிப்பார். "நரம்பு நசுங்கக் கூடாது, அறுபடணும். நசுங்கினா தாளும் பிசிறும்." கடைக்காரச் சீனர் அவரை வெற்றிலைக்காரி என்றுதான் கூப்பிடுவாராம்.

முத்திரைகளை அவரே செதுக்குவார். ரப்பர் தோட்டத்திலிருந்து யாரோ கொண்டுவந்து தரும் தடித்த ரப்பர்த் துண்டில் பேனாக்கத்தியால் நெற்கதிர், நங்கூரம், பாக்குக் குலை. எழுத்து மட்டும் செதுக்க மாட்டார். ஒரு கடைக்காரர் வந்து 'புத்தாண்டு வாழ்த்து' என்று பிரெஞ்சில் ஒரு முத்திரை வேண்டும், நூறு அட்டைக்கும் அதைக் குத்திவிடுங்கள் என்று மன்றாடினார். "சொல்ல வேண்டியவங்க வாயால சொல்லட்டும் முசியே" என்று அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கு ஒரு விதி உண்டு. இந்தக் கதையே அந்த விதிதான். எந்த அட்டையையும் அவர் முழுதாக முடிக்க மாட்டார். எல்லாம் வெட்டி, ஒட்டி, முத்திரை குத்தி, கடைசியில் ஒரே ஒரு சின்னத் துண்டை மட்டும் ஒட்டாமல் எடுத்து வைத்துவிடுவார். பூவின் நடுப்பொட்டு, மீனின் செதில், அப்படி ஏதாவது. அட்டை கேட்டவர் வந்து மேசை முன் உட்கார்ந்து அதைத் தன் கையால் ஒட்ட வேண்டும். "கடைசி ஒட்டு அனுப்புறவங்களுது" என்பார். "நான் தாளை வெட்டினேன். கார்த்து செஞ்சது அவங்க."

ஒரு நாள் மீசை முறுக்கின பிரெஞ்சுப் பட்டாள சர்ஜாந்து ஒருவர் வந்திருந்தார். பிரான்சில், மார்செய்யில் இருக்கும் அம்மாவுக்கு அட்டை. கடைசிப் பூவை ஒட்டச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுக்கிறேனே, நான் ஏன் ஒட்ட வேண்டும் என்று இரைந்தார். அக்கா பிரெஞ்சில் பதில் சொன்னார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது: "சரி, நானே ஒட்டுறேன். அப்புறம் உங்க அம்மாவுக்கு நான் மகள், நீங்க பக்கத்து வீட்டுக்காரர். சம்மதமா?" நாற்காலி இழுபடும் ஓசை. அவர் வெளியே வந்தபோது மீசையின் ஒரு நுனி பசையில் ஒட்டி நட்டுக்கொண்டு நின்றது. முகம் மட்டும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை போல இருந்தது.

நான் முதல்முதலில் ஒட்டியது, எனக்குப் பள்ளியில் பாடம் சொன்ன மடத்துக் கன்னிமாரில் ஒருவருக்கு அனுப்பிய அட்டையில். துண்டை விரலில் வைத்துக்கொண்டு, "கோணலாப் போயிட்டா என்னக்கா?" என்று நாலு தரம் கேட்டேன்.

"கோணலா இருந்தாத்தான் நீ ஒட்டினதுன்னு தெரியும்."

"அவங்க தப்பா நினைப்பாங்களே?"

"இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா பசை காஞ்சிடும். அப்ப என்ன நினைப்பாங்க?"

எனக்கு அந்த விதி அழகாகத்தான் தோன்றியது. ஒரே ஒரு தடவை பயமாக இருந்தது. என் கணவரோடு வேலை பார்த்த ஒரு இளைஞர் ஊரில் இருக்கும் தாயாருக்கு அட்டை சொல்லியிருந்தார். ஒட்ட வருவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய நண்பர் வந்து, பெட்டி படுக்கையோடு அந்த அட்டையையும் அனுப்பிவிடுகிறோம், முடித்துக் கொடுங்கள் என்று கேட்டார். அட்டையில் நெற்கதிர் முத்திரை, ஒரு தாமரை. தாமரைக்கு நடுவில் வட்டமாக வெறும் இடம். அக்கா அப்படியே எடுத்துக் கொடுத்தார்.

"இதை நீங்களே ஒட்டிடக் கூடாதா மதாம்? அந்தம்மா மனசு என்ன பாடுபடும்?" நண்பருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அவன் ஒட்டலையே தம்பி. அந்த இடம் காலியா இருக்குன்னு அந்தம்மாவுக்கும் தெரியத்தானே வேணும்."

அன்று முழுவதும் நான் அக்காவோடு பேசவில்லை. நான் என் மகள் லூசியை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு கல் மனசா என்று நினைத்தேன். சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. அதற்கும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளில் என் கணவரை ஆற்றின் வழியே மேலே வெகுதூரத்தில், லாவோஸ் எல்லைப் பக்கம் ஒரு சுங்கச் சாவடிக்கு மாற்றினார்கள். ஒன்றரை வருடம். குடும்பம் கூட்டிப் போகக் கூடாது. லூசிக்கு அப்போது நாலு வயது. என் கணவர் அதிகம் பேசாதவர். கடிதத்தில் அதைவிடக் குறைவு. 'நலம். மழை. கொசுவலை கிழிந்துவிட்டது.' குழந்தைக்கென்று ஒரு வரி இருக்காது. தபால்காரன் வரும்போதெல்லாம் லூசி ஓடிப் போய், "எனக்கு?" என்பாள். இல்லை என்பேன். "அப்பாவுக்கு என் பேரு மறந்துபோச்சா?" என்று ஒரு நாள் கேட்டாள். அழவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அன்றிலிருந்து தபால்காரன் வந்தால் எழுந்து போகவுமில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவருக்கு எழுதும்போது இதைச் சொல்லலாமா, சொன்னால் தனியாக இருக்கும் மனிதரைக் குற்றம் சொன்னதாகிவிடுமா என்று யோசித்து யோசித்து எழுதாமலே விட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அக்கா வாசலில் நின்று, "லூசிக்குட்டி, உனக்குக் கார்த்து வந்திருக்கு" என்றார். நீலத் தாளில் வால் பிளந்த வெள்ளைக் குருவி. கண்ணுக்கு ஒரு கடுகு. ஒரு எழுத்துக்கூட இல்லை. லூசி என் முகத்தைப் பார்த்து, "அப்பாவா?" என்றாள். "ஆமாம், அப்பாதான்" என்று நான் சொன்னேன். அக்கா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

குருவி அக்காவுடையது என்று பார்த்த உடனே எனக்குத் தெரியும். அந்த அச்சின் வால் நுனியில் ஒரு சின்ன உடைசல் உண்டு. வெட்டுகிற எல்லாக் குருவிக்கும் இடது வாலில் ஒரு பிசிறு நிற்கும். கூர் இரும்பு இருக்கிறதென்று குழந்தைகளை அக்கா மேசைப் பக்கம் விடுவதில்லை, அதனால் லூசிக்குத் தெரியாது. என் கணவர் புறப்படும் முன் சொல்லிவைத்துக் கண்ணையும் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மனசு நிறைந்துபோயிற்று. "அவங்க சொல்லிட்டுப் போனாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"யார் யாருக்கு அனுப்புறாங்கன்னு நான் வெளியில சொல்றதில்லைமா. சாமியார் காதில கேட்ட பாவசங்கீர்த்தனத்தை வெளியில சொல்வாரா?"

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு மங்குது. இந்தக் குருவிக்குக் கடுகை வச்சிடேன்." யாரோ சொன்ன அட்டை என்று நினைத்தேன். அழுத்தி ஒட்டாவிட்டால் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் விரலால் பலமாக அழுத்தினேன். கடுகு இரண்டாகப் பிளந்துபோனது. வேறு வைக்கிறேன் என்றேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றார். அக்கா தன் விதியை மீறி என்னை ஒட்டச் சொன்னது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து நாளில் லூசிக்கு இரண்டாவது அட்டை வந்தது. மஞ்சள் தாள். குருவியின் கண் பிளந்த கடுகு.

லூசியைத் தூங்க வைத்துவிட்டு மத்தியானமே போய் நின்றேன். "அக்கா, இது நான் ஒட்டின கண்ணு."

"அப்ப நீ செஞ்ச கார்த்து."

"அவங்க பேருல வந்திருக்கே!"

"பேரு எங்க எழுதியிருக்கு? காட்டு."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் இல்லை. அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குழந்தைக்குக் கார்த்து அனுப்பணும்னு உனக்கு ஆசை. கை வரலை. கையை நான் கூப்பிட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப முதல் கார்த்து? அதுக்குக் கடுகு யாரு வச்சது?"

அக்கா என்னையே பார்த்தார். "யாரா இருந்தா உனக்கு நல்லாருக்கும்?"

அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றுவரை எனக்கு இரண்டு மனசுதான். இறந்துபோன பிள்ளையின் அட்டைக்கே பொட்டு வைக்காதவர் அக்கா. அவர் தன் கையால் அந்தக் கடுகை வைத்திருக்க மாட்டார் என்று ஒரு மனசு சொல்கிறது. அப்படியானால் வைத்தது என் கணவர்தான். ஆனால் குழந்தை தபால்காரனைப் பார்த்து எழுந்து போகாமல் இருந்ததை அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்காக ஒரே ஒரு தடவை விதியை மீறியிருக்க மாட்டாரா? என்னிடம் தந்திரம் செய்தவர்தானே!

மூன்றாவது அட்டைக்கு நானே தெரிந்து போய் உட்கார்ந்தேன். கடுகு உடையவில்லை. அதற்குப் பிறகு அக்கா மீத்தோ ஊரில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். அச்சுகளைச் சோலோன் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒட்ட வராதவர்களின் அட்டைகள் ஒரு பிஸ்கோத்து டப்பா நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குறை. அந்த டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார். விலாசம் கேட்டேன். "நான் எழுத மாட்டேன்னு உனக்குத் தெரியாதா" என்றார்.

என் கணவர் திரும்பி வந்தபோது காய்ச்சலில் பாதியாக இருந்தார். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் லூசி மூன்று அட்டைகளையும் கொண்டுவந்து நீட்டினாள். முன்கூட்டியே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்காத என் புத்தியை என்ன சொல்ல! கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் அட்டையைப் பார்த்தார், திருப்பினார். இரண்டாவதைப் பார்த்து, "இந்தக் கண்ணு உடைஞ்சிருக்கே" என்றார்.

"வழியில உடைஞ்சிருக்கும்ப்பா. தூரம்ல?" என்றாள் லூசி.

"இருக்கும்" என்றார். அவ்வளவுதான். செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டும் மூன்றும் நான் செய்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் 'முதலாவதும் நான் இல்லை' என்று சொல்லிவிட்டால்? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் லூசி அந்த மூன்றையும் எடுத்துத் தலையணை மேல் வரிசையாக வைக்கிறாள். அவளுக்கு அவை அப்பா. எனக்கும் முதலாவது கொஞ்சம் அப்படித்தான்.

இப்போது விஷயம் இதுதான். லூசிக்கு எட்டு வயது. இன்னும் மூன்று வாரத்தில் புதுநன்மை, கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்கப்போகிறாள். கூட வாங்குகிற பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஞாபகமாக ஆளுக்கு ஒரு அட்டை கொடுக்க வேண்டும் என்றாள். நான் கடையில் வாங்கலாம் என்றேன். "எதுக்கு? அப்பா செய்வாங்க. குருவிக் கார்த்து" என்றாள். குருவி எதற்கு, புறாதானே வைப்பார்கள், கன்னிமார் என்ன சொல்வார்களோ என்று நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். என் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சரி" என்றார்.

மறு ஞாயிறு பூசை முடிந்து எங்கோ போனார். மத்தியானம் அன்னாமியப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் இரும்பு அச்சு. குருவி. இடது வால் நுனியில் அதே உடைசல். "எங்க கிடைச்சது?" என்றேன். "சோலோன்ல" என்றார். அந்தக் கடை அவருக்கு எப்படித் தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது.

பிறகு ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தட் தட்டென்று ஒரே சத்தம். தாள் தாளாகப் பாழாயிற்று. தலையில்லாத குருவி, வாலில்லாத குருவி. கட்டை விரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டு நகம் கறுத்துவிட்டது. லூசி அடுப்படிக்கு வந்து என் காதில், "அப்பாவுக்குப் பழக்கம் விட்டுப்போச்சும்மா. நீங்க சிரிக்காதீங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை.

நேற்று பன்னிரண்டும் முடிந்தன. பன்னிரண்டு குருவிகள், ஒன்றுக்கும் கண் இல்லை. என் கணவர் கடுகு டப்பாவைக் கேட்டு வாங்கி லூசியின் முன்னால் வைத்தார்.

"கண்ணை நீதான் ஒட்டணும்."

"ஏம்ப்பா?"

"கொடுக்கிறது நீதானே. கடைசி ஒட்டு கொடுக்கிறவங்களுது."

கையிலிருந்த துணியை மடிக்கவும் மறந்து நின்றுவிட்டேன். அந்த விதியை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் அக்காவின் மேசை முன் உட்கார்ந்திருக்கிறார், நீலத் தாளில் கடுகு வைத்திருக்கிறார் என்று ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணமே, பலகைச் சுவர் அவருக்கும்தானே, சர்ஜாந்து இரைந்தது அவருக்கும் கேட்டிருக்குமே என்று தோன்றியது.

லூசி ஒரு கடுகை எடுத்து விரலில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், புத்தி தானாகவே ஓடுகிறது. "அப்ப எனக்கு வந்த மூணு குருவிக்கும் நீங்கதானே கண்ணு ஒட்டினீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கேட்பதுபோல ஒரு பார்வை. நான் அவரைப் பார்த்தேன். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் இல்லை.

நான் திரும்பி வந்தபோது லூசி நாலாவது கடுகை ஒட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். புதுநன்மைக்கு முன் அவள் பாவசங்கீர்த்தனம் செய்யப் படிக்கிறாள், பொய் எது, சொல்லாமல் விடுவது எது என்று தினமும் என்னைக் கேட்கிறாள். மறுபடி இதையும் கேட்பாள்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, மூன்றில் இரண்டுக்குக் கடுகு வைத்தது நான் என்று குழந்தையிடம் இப்போதே சொல்லிவிடுவதா? அல்லது முதலில் என் கணவரைத் தனியே உட்காரவைத்து, முதலாவதை வைத்தது நீங்களா என்று கேட்பதா? கேட்டு, இல்லை என்று அவர் சொல்லிவிட்டால், அந்த நீலத் தாள் அட்டையை நான் என்னவென்று நினைத்துக்கொள்வது? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உங்களுக்குத் தோன்றுவதைத் தயவுசெய்து எழுதுங்கள்.